வியர்வைக் குடிலில் எது சுத்தமாகிறது?

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் வேலை பார்க்கிறேன். வார இறுதி தியான முகாம் ஒன்றில் ஸ்வெட் லாட்ஜ் (வியர்வைக் குடில்) சடங்கும் உண்டு என்று விளம்பரம் பார்த்தேன். கட்டணம் 400 டாலர். உடம்பில் இருக்கும் நச்சும் மனதில் இருக்கும் பாரமும் வியர்வையோடு போய்விடும் என்கிறார்கள். உண்மையா? போகலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த முகாமுக்குப் போகாதீர்கள். சடங்கு பொய் என்பதால் சொல்லவில்லை. 400 டாலருக்கு அவர்கள் உங்களுக்குத் தரப்போவது சூடு மட்டும்தான். அந்தச் சடங்கில் சூடு ஒரு சின்னப் பங்கு.

நான் தெற்கு டகோட்டா மாநிலத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தவன். லகோட்டா என்பது அங்கே வாழும் பழங்குடி மக்கள். கூட வேலை பார்த்த ஒரு லகோட்டா நண்பரின் குடும்பம் அழைத்ததால் இரண்டு முறை குடிலுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு முறை உட்கார்ந்தவன் நிபுணன் ஆகிவிட மாட்டான். பார்த்ததையும், பிறகு அக்கறையோடு தேடிப் படித்ததையும் வைத்து எழுதுகிறேன். உள்ளே யார் எதற்காக வேண்டிக்கொண்டார்கள், என்ன பாட்டு பாடினார்கள் என்பதை மட்டும் கேட்காதீர்கள். உள்ளே பேசியது உள்ளேயே இருக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

லகோட்டா மொழியில் இதற்கு 'இனீபி' என்று பெயர். (இனிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. யாரும் வேர்ச்சொல் ஆராய்ச்சியில் இறங்கிவிட வேண்டாம்.) 'நி' என்றால் உயிர், மூச்சு. இன்னும் முழுப் பெயராக 'இனீகாகபி' என்பார்கள். இதைக் கொண்டு உயிர் உண்டாக்குகிறார்கள் என்று பொருள் வரும். பெயரில் வியர்வையே இல்லை என்பதைக் கவனியுங்கள். 'ஸ்வெட் லாட்ஜ்' என்பது வெளியே நின்று பார்த்தவர்கள் வைத்த பெயர். உள்ளே போனவன் வேர்த்து வழிந்துகொண்டு வந்தான், அதுதானே அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

சூடான அறையில் வேர்ப்பது உலகில் பல இடங்களில் இருக்கிறது. பின்லாந்தில் சவுனா, ரஷ்யாவில் பான்யா, மெக்ஸிகோவில் தெமஸ்கால். வட அமெரிக்கப் பழங்குடிகளுக்குள்ளேயே இது ஒரே மாதிரி இல்லை. நவஹோ மக்களின் குடிலில் கல்லின் மேல் தண்ணீரே ஊற்ற மாட்டார்கள். அது உலர்ந்த சூடு. ஆகவே 'பழங்குடியினரின் ஸ்வெட் லாட்ஜ்' என்று பொதுவாக விளம்பரம் போட்டிருந்தால், எந்தப் பழங்குடி என்று கேளுங்கள். பதில் வராது. நான் இங்கே சொல்வது லகோட்டா முறையை மட்டும்.

குடில் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். இடுப்பளவு, மிஞ்சினால் நெஞ்சளவு உயரம். வில்லோ மரத்தின் இளங்கொம்புகளை வட்டமாக நட்டு, வளைத்து, ஒன்றோடொன்று கட்டி, கவிழ்த்த கூடை மாதிரி செய்கிறார்கள். கிரிக்கெட் மட்டை செய்கிறார்களே, அந்த இன மரம்தான். முன்பு அதன் மேல் காட்டெருமைத் தோலைப் போர்த்தினார்கள். இப்போது கம்பளிகளும் கான்வாஸும். நடுவில் ஒரு குழி. குழியிலிருந்து எடுத்த மண்ணை வீசிவிடுவதில்லை. வாசலுக்கு வெளியே சிறு மேடாகக் குவித்து அதையே பீடமாக வைத்துக்கொள்கிறார்கள். அதற்கும் அப்பால், குடிலின் வாசலுக்கு நேராக, கற்களைக் காய்ச்சும் நெருப்பு. வாசல் எந்தத் திசை பார்க்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. நான் போன இடத்தில் மேற்கு.

கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. எந்தக் கல்லையும் எடுத்துப் போட்டுவிட முடியாது. ஆற்றில் கிடக்கும் கல்லுக்குள் ஈரம் தங்கியிருக்கும். சூட்டில் அது வெடிக்கும். எரிமலைக் கல் மாதிரி சூடு தாங்குவதாகப் பார்த்துப் பொறுக்குவார்கள். விறகை அடுக்கி, நடுவே கல்லை வைத்து, மணிக்கணக்காக எரித்துச் சிவக்கவைக்கிறார்கள். அந்த நெருப்பைப் பார்த்துக்கொள்ள என்று ஒருவர் இருப்பார். அவர் பெரும்பாலும் உள்ளே வர மாட்டார். கடைசிவரை வெளியேதான். நான் போன முதல் முறை ஜனவரி மாதம், மைனஸ் 15 டிகிரி. நெருப்பைக் காத்தவர் ஒரு பக்கம் வெந்து ஒரு பக்கம் உறைந்துகொண்டு நின்றார். 'எங்களைவிட உங்களுக்குத்தான் கஷ்டம்' என்றேன். 'இது என் வேண்டுதல்' என்றார், அவ்வளவுதான்.

அந்தக் கற்களை அவர்கள் 'துன்காஷிலா' என்று கூப்பிடுகிறார்கள். தாத்தா. உலகத்தில் எல்லாவற்றுக்கும் மூத்தது கல், எல்லாவற்றையும் பார்த்தது கல், அதனால் தாத்தா. பிட்ச்ஃபோர்க் என்கிற வைக்கோல் அள்ளும் இரும்புக் கவையில் ஒவ்வொரு கல்லாக ஏந்திக்கொண்டு வரும்போது, வயதில் பெரியவர் வாசலுக்கு வந்தால் எப்படி எழுந்து வரவேற்போமோ அப்படி வரவேற்கிறார்கள். முதலில் வரும் ஏழு கற்கள் விசேஷம்: மேற்கு, வடக்கு, கிழக்கு, தெற்கு, வானம், பூமி, மையம் என்று ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் வைக்கப்படும் வரை யாரும் பேசுவதில்லை. ஒவ்வொரு கல்லின் மேலும் 'சிடார்' மரத்தின் இலையைத் தூவுவார்கள். இருட்டில் அது பட்டுப் பட்டுப் பொறிகளாகச் சிதறும். ஒரு நொடி அந்தச் சிவந்த கல்லின் மேல் வானம் தெரிகிற மாதிரி இருக்கும்.

சரி, உள்ளே போவது எப்படி? தவழ்ந்துதான். வாசல் அவ்வளவு தாழ்வு. தவழும்போது 'மிதாகுயே ஓயாசின்' என்று சொல்ல வேண்டும். எல்லாமும் எல்லோரும் என் உறவு என்று அர்த்தம். அப்புறம் வலமாகச் சுற்றிப் போய் உட்கார வேண்டும். தரையில் சேஜ் என்கிற செடியைப் பரப்பியிருப்பார்கள். அது நம் மரிக்கொழுந்தின் இனம்தான். நசுங்கும்போது வரும் மணத்தில் அந்த உறவு தெரியும். கண்ணாடி, சங்கிலி, மோதிரம் எல்லாம் வெளியே. சாமிக்காக அல்ல, உலோகம் சுட்டுவிடும். ஆண்கள் அரைக்கால் சட்டை, பெண்கள் நீளமான பருத்தி உடை. மாதவிலக்கு நாளில் பெண்கள் உள்ளே வருவதில்லை. இதைக் கேட்டதும் நமக்கு நம் வீட்டு 'தீட்டு' ஞாபகத்துக்கு வரும். அவர்கள் தரும் விளக்கம் வேறு: அந்த நாட்களில் பெண்ணிடம் இருக்கும் சக்தி சடங்கின் சக்தியை மிஞ்சிவிடும் என்கிறார்கள், அந்த உடம்பே அப்போது சுத்தம் செய்துகொண்டிருக்கிறது, இன்னொரு சுத்தம் எதற்கு என்கிறார்கள். இந்த விளக்கத்தை எல்லா லகோட்டாப் பெண்களும் ஏற்கிறார்களா என்றால், இல்லை. அது அவர்கள் வீட்டு விவாதம்.

வாசல் துணியைப் போட்டதும் வருகிற இருட்டு இருக்கிறதே, அதுதான் முதல் அதிர்ச்சி. கையை முகத்துக்கு நேரே வைத்தாலும் தெரியாது. வாளியிலிருந்து ஒருவர் தண்ணீரைக் கல்லின் மேல் ஊற்றுகிறார். சீறுகிற சத்தம் கேட்கும், ஆனால் சூடு உடனே வராது. அது முதலில் கூரைக்குப் போய், வளைவோடு இறங்கி, உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து தோளைப் பிடிக்கும். காது நுனி எரியும். எனக்கு அந்த நிமிடம் ஓடிவிடத்தான் தோன்றியது. பக்கத்தில் இருந்த பெரியவர், எனக்குத் தெரியாமலே என் பதற்றத்தைப் புரிந்துகொண்டு, 'குனி, பாட்டி பக்கம் போ' என்றார். பாட்டி என்றால் பூமி. நெற்றியைத் தரையில் வைத்தேன். அங்கே குளிர்ச்சியாக ஒரு மூச்சு காற்று இருந்தது.

இப்படி நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வாசல் திறக்கும்; நீராவி வெளியே போகும், தண்ணீர் கிடைக்கும், புதுக் கற்கள் வரும். பாட்டு, வேண்டுதல், மறுபடி பாட்டு. ஒவ்வொருவராகப் பேசுவார்கள். தாங்க முடியாதவர் நடுவில் 'மிதாகுயே ஓயாசின்' என்று சொன்னால் போதும், வாசல் திறந்துவிடும். யாரும் கேலி செய்ய மாட்டார்கள், யாரும் 'இன்னும் கொஞ்சம் தாங்கு, வெற்றி உனக்கே' என்று ஊக்கம் கொடுக்கவும் மாட்டார்கள். இந்தச் சின்ன விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதில் எது சுத்தமாகிறது என்பதுதான் உங்கள் கேள்வியின் நடு. விளம்பரக்காரர்கள் சொல்வது, அழுக்கு உங்களுக்குள்ளே இருக்கிறது, அதை வெளியே தள்ளிவிடலாம் என்று. நான் புரிந்துகொண்டவரை லகோட்டாக்கள் அப்படிப் பார்க்கவில்லை. அறுந்துபோன அல்லது முறுக்கிக்கொண்ட உறவுதான் அவர்களுக்கு அழுக்கு: மனிதர்களோடு, இறந்தவர்களோடு, விலங்கோடு, நீரோடு, கல்லோடு. அதை நேர் செய்வதுதான் சுத்தம். அந்தக் குடில் தாயின் கருப்பை. தவழ்ந்து வெளியே வருவது மறுபடி பிறப்பது. பிறந்த குழந்தை தனியாகப் பிறப்பதில்லை, ஒரு சொந்தக் கூட்டத்துக்குள் பிறக்கிறது. உள்ளே அதிகமாகக் கேட்பது மற்றவர்களுக்கான வேண்டுதல்தான். தனக்காக வேண்டிக்கொண்டவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இன்னொன்று, இனீபி தனியாகவும் நடக்கும், மற்றச் சடங்குகளோடு சேர்ந்தும் நடக்கும். வெள்ளைக் காட்டெருமைக் கன்றுப் பெண் என்கிற தெய்வப்பெண் புனிதப் புகைக்குழாயைக் கொண்டுவந்து கொடுத்தாள் என்பது லகோட்டாக்களின் நம்பிக்கை. அவளோடு சேர்த்துச் சொல்லப்படும் ஏழு சடங்குகளில் இதுவும் ஒன்று. மலைமேல் தனியாக, சோறு தண்ணீர் இல்லாமல் ஒரு நாள் முதல் நான்கு நாள் வரை தரிசனம் வேண்டி அழும் 'ஹன்பிளேசேயா' என்ற சடங்குக்கு முன்னும் பின்னும் இனீபி உண்டு. சூரிய நடனம் என்ற இன்னொரு சடங்குக்கும் அப்படித்தான். குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போகிற மாதிரி. குளியலை மட்டும் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள் என்று சொன்னால் என் எரிச்சல் உங்களுக்குப் புரியும்.

அவர்களுடைய எரிச்சலுக்கு இன்னும் ஆழமான காரணம் இருக்கிறது. 1883-ல் அமெரிக்க உள்துறைச் செயலர் ஹென்றி டெல்லர் காலத்தில் 'இந்தியக் குற்றங்கள்' என்று ஒரு விதித்தொகுப்பு வந்தது. சூரிய நடனம் குற்றம், மருத்துவப் பூசாரிகளின் சடங்குகள் குற்றம். செய்தால் ரேஷன் நிறுத்தம், சிறை. காட்டெருமைக் கூட்டங்கள் அழிக்கப்பட்டு, ரேஷனை நம்பியே உயிர் வாழ்ந்தவர்களுக்கு ரேஷனை நிறுத்துவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். சடங்குகள் ஒளிந்து நடந்தன. 1934-ல் தடை தளர்ந்தது. ஆனால் அமெரிக்க இந்திய மத சுதந்திரச் சட்டம் என்று ஒன்று வர 1978 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாட்டனும் பாட்டியும் பசிக்குப் பயந்துகொண்டே காப்பாற்றி வைத்ததை, பேரன் காலத்தில் வேறு யாரோ கட்டண ரசீதோடு நடத்துகிறார்கள்.

சும்மா இருந்துவிடவும் இல்லை. 1993 ஜூனில் லகோட்டாப் பிரதிநிதிகள் சுமார் 500 பேர் கூடி, தங்கள் ஆன்மிகத்தை விற்பவர்கள் மீது 'போர்ப் பிரகடனம்' என்றே பெயர் வைத்து ஒரு தீர்மானம் போட்டார்கள். 2003-ல் புனிதப் புகைக்குழாயின் 19-ஆவது தலைமுறைக் காவலரான அர்வோல் லுக்கிங் ஹார்ஸ் ஓர் அறிக்கை விட்டார்: இனீபி நடத்துபவர் தன் மொழியில் துன்காஷிலாவோடு பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டும், ஹன்பிளேசேயாவையும் நான்கு வருட சூரிய நடனத்தையும் முடித்து அந்த உரிமையைச் சம்பாதித்திருக்க வேண்டும் என்று. வார இறுதிப் பயிற்சியில் சான்றிதழ் வாங்கியவர்கள் இதில் எங்கே நிற்கிறார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 2009 அக்டோபர் 8. அரிசோனாவில் செடோனா ஊருக்குப் பக்கத்தில் ஜேம்ஸ் ஆர்தர் ரே என்ற சுயமுன்னேற்றப் பேச்சாளர் ஒரு முகாம் நடத்தினார். தலைக்கு ஒன்பதாயிரம் டாலருக்கு மேல் கட்டணம். வந்தவர்களை முதலில் 36 மணி நேரம் அன்னம் தண்ணீர் இல்லாமல் பாலைவனத்தில் தனியாக இருக்க வைத்தார். பிறகு ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை ஒரே குடிலில் அடைத்து சுமார் இரண்டு மணி நேரம். நான் பார்த்த குடிலில் பத்துப் பேருக்கு மேல் உட்கார முடியாது. மயங்கி விழுந்தவர்களைப் பார்த்த பிறகும் சுற்றுகள் தொடர்ந்தன. இரண்டு பேர் அன்றே இறந்தார்கள், ஒருவர் ஒன்பது நாள் கழித்து. 2011-ல் மூன்று மரணங்களுக்கும் அலட்சியக் கொலைக் குற்றவாளி என்று ஜூரி தீர்ப்புச் சொன்னது. தண்டனை இரண்டு வருடச் சிறை. அங்கே 'தாங்கு, தாண்டு' என்பதுதான் உபதேசம். 'மிதாகுயே ஓயாசின்' சொன்னால் வாசல் திறக்கும் என்று முன்னே சொன்னேனே, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் வெளியேறுவதும் வேண்டுதல், இன்னொன்றில் வெளியேறுவது தோல்வி.

உடம்பில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேர்ப்பது நம்மைக் குளிர்விப்பதில்லை. வேர்வை காய்வதுதான் குளிர்விக்கிறது. ஒரு லிட்டர் வேர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் உடம்பை விட்டுப் போகும். சென்னையில் மே மாதம் 36 டிகிரியிலேயே உயிர் போகிறது, ராஜஸ்தானில் 42-லும் சமாளிக்க முடிகிறது என்கிறோமே, காரணம் இதுதான். நீராவி நிறைந்த குடிலில் வேர்வை காயவே காயாது. தலைகீழாக, ஆவி உங்கள் தோலின் மேல் படிந்து தண்ணீராகி, தன் வெப்பத்தையும் உங்களுக்கே கொடுக்கும். உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறி, புத்தி தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. அந்த நிலையில் இருப்பவருக்குத் தான் ஆபத்தில் இருப்பது தெரியாது, அதுதான் மோசம். 'எனக்கு ஒன்றுமில்லை' என்பார். சுற்றி இருப்பவர்கள்தான் பார்க்க வேண்டும். நல்ல குடிலில் தண்ணீர் ஊற்றுபவர் இருட்டிலேயே ஒவ்வொருவர் குரலையும் மூச்சையும் கேட்டுக்கொண்டிருப்பார். வருடக்கணக்காகக் கற்றுக்கொள்வதில் இதுவும் ஒன்று.

நச்சு வெளியேறுமா? வேர்வையில் ஏறக்குறைய 99 சதவீதம் தண்ணீர், மிச்சத்தில் பெரும்பகுதி உப்பு. நச்சை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்துகொண்டிருக்கின்றன. வேர்த்துக் கொட்டி உடம்பை வறள விட்டால் சிறுநீரகத்துக்குத்தான் சிரமம். நான் போன குடிலில் யாரும் நச்சு என்ற வார்த்தையையே சொல்லவில்லை.

மனப் பாரம்? அதில் எனக்கு அவ்வளவு சந்தேகம் இல்லை. 1970-களின் நடுவில் நெப்ராஸ்கா மாநிலச் சிறையில் ஆரம்பித்து, பழங்குடிக் கைதிகள் வழக்காடி வாதாடி அமெரிக்கச் சிறைகளுக்குள் குடில் கட்டும் உரிமையைப் பெற்றார்கள். குடியை விட முயல்கிறவர்கள், போரிலிருந்து திரும்பியவர்கள் இதை நாடி வருகிறார்கள். முகம் தெரியாத இருட்டில், யாரும் குறுக்கே பேசாமல், தன் சொந்தக்காரர்கள் நடுவில் வாய்விட்டுச் சொல்லி அழ ஓர் இடம். அடுத்த வாரமும் அதே ஆட்கள் அங்கே இருப்பார்கள். 400 டாலர் கொடுத்து வருகிறவர்கள் ஞாயிறு மாலை ஆளுக்கொரு விமானம் ஏறிவிடுவார்கள்.

ஆகவே யாராவது அழைத்தால் போங்கள். விளம்பரம் பார்த்துப் போகாதீர்கள். அழைப்பு வந்தாலும், தண்ணீர் ஊற்றப் போகிறவர் யார், யாரிடம் கற்றார் என்று தயங்காமல் கேளுங்கள். நல்லவர்கள் கோபப்பட மாட்டார்கள், தன் மாமாவின் பெயரில் ஆரம்பித்து அரைமணி நேரம் சொல்வார்கள். நடுவில் வெளியே வரலாமா என்று கேளுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுக்கிப் போர்த்தியிருந்தால் வாசலோடு திரும்பிவிடுங்கள். இதய நோய், கர்ப்பம், ரத்த அழுத்தத்துக்கோ நீர் பிரியவோ மாத்திரை என்று ஏதாவது இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் உட்காரவே வேண்டாம். வெளியே நெருப்புப் பக்கத்தில் நின்றாலும் அது பங்கேற்பதுதான் என்பார்கள். முந்தின நாளே தண்ணீர் நிறையக் குடியுங்கள். முதல் முறை என்று சொல்லி வாசல் ஓரமாக இடம் கேளுங்கள்.

காசு வாங்க மாட்டார்கள், ஆனால் வெறுங்கையோடும் போகக்கூடாது. ஒரு பொட்டலம் புகையிலை கொடுத்துத்தான் எதையும் கேட்பது வழக்கம். விறகு கொண்டுபோனால் சந்தோஷப்படுவார்கள். இரண்டு துண்டு, மாற்று உடை, அப்புறம் ஒரு பாத்திரம் சாப்பாடு. முடிந்த பிறகு எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதும் சடங்கின் பகுதிதான். நான் இரண்டாவது முறை எலுமிச்சை சாதம் கொண்டுபோயிருந்தேன். மான்கறி சூப்புக்கும் எண்ணெயில் பொரித்த ரொட்டிக்கும் நடுவில் அது மஞ்சளாக உட்கார்ந்திருந்தது. என்னைக் குனியச் சொன்ன பெரியவர் கடுகு ஒன்றை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, 'இது என்ன, உங்கள் ஊர்க் கல்லா?' என்று கேட்டார். பிறகு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.